மலையகத்துக் காருக்கு ஜப்பான் பார்ட்ஸ்: அப் கராஜிலும் ஓட்டோபெக்ஸிலும் எதை வாங்கலாம், எதை விடலாம்

ஜப்பானுக்குப் போகிறவரிடம் "வரும்போது ஒரு செட் ரிம் கொண்டு வாங்க அண்ணே" என்று சொல்லாத ஆள் ஹட்டனிலும் இல்லை, பண்டாரவளையிலும் இல்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே கையில் இருக்கிற வகன் ஆர், அக்குவா, எக்ஸியோவை இன்னும் பத்து வருடம் ஓட்டுவதற்கு ஏற்ற மாதிரி செய்துகொள்வதுதான் பலருடைய கணக்கு. அதற்கு ஜப்பான் கடைகள் நல்ல இடம்தான். ஆனால் கொழும்பு ரசனைக்கு வாங்கினால் இறம்பொடை இறக்கத்தில் வருத்தப்பட வேண்டிவரும்.

முதலில் அப் கராஜ். பாவித்த பார்ட்ஸை வாங்கி, துடைத்து, அளந்து, விலை ஒட்டி விற்கும் தொடர் கடை. 1999இல் தொடங்கியது, இப்போது நாடு முழுக்கக் கிளைகள். பெரும்பாலான கிளைகள் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை, நெடுஞ்சாலை ஓரமாக இருக்கின்றன. பஸ் எடுத்துப் போக வேண்டும், திரும்பும்போது கையில் ரிம் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். போவதற்கு முன் அவர்களுடைய குரூபர் இணையத்தளத்தில் அளவைப் போட்டுத் தேடினால் எந்தக் கிளையில் எது கிடக்கிறது என்று படத்தோடு வரும். அதைப் பார்க்காமல் போவது அரை நாளை வீணாக்கும் வேலை.

கடைக்குள் ரிம்கள் நாலு நாலாக அடுக்கி இருக்கும். ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டை. முழுக்க ஜப்பான் எழுத்து என்று பயப்பட வேண்டாம். தேவையான எண்கள் எல்லாம் நாம் படிக்கக்கூடியவை. 14 அங்குலம், 4.5ஜே (அங்குலத்தில் ரிம்மின் அகலம்), பிளஸ் 45, நாலு ஓட்டை, 100 என்று இருந்தால் அது 14 அங்குல வகன் ஆருக்குக் கம்பனி கொடுத்த அதே அளவு. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது பிளஸ் என்று தொடங்கும் எண்ணில்தான். அது ஓஃப்செட்: ரிம்மின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து காரில் பூட்டும் முகம் எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. அதே காருக்கு 5ஜே, பிளஸ் 35 ரிம் ஒன்றை எடுத்தால் என்ன நடக்கும்? அகலம் கூடியதில் வெளிப்பக்கம் 6 மில்லிமீற்றர், ஓஃப்செட் குறைந்ததில் இன்னும் 10. மொத்தம் 16 மில்லிமீற்றர் ரிம் வெளியே வரும். வெறும் காரில் பார்க்க அழகுதான். பின் சீற்றில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு மூட்டை மரக்கறியும் ஏறியதும் மட்கார்ட் விளிம்பு டயரைத் தேய்க்கத் தொடங்கும்.

பீசீடி என்கிற ஓட்டை வட்டத்தை அளப்பது எளிது. நாலு ஓட்டை ரிம்மில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை எவ்வளவோ அதுதான். அக்குவா, எக்ஸியோ, விட்ஸ், ஃபிட் எல்லாம் நாலு ஓட்டை, 100. வெசல் ஐந்து ஓட்டை, 114.3. இந்திய ஆல்டோ வைத்திருப்பவர்கள் அட்டையில் ஆல்டோ என்று எழுதியிருப்பதை நம்பி எடுக்க வேண்டாம். ஜப்பான் ஆல்டோவும் அதுவும் பெயரில்தான் ஒன்று. வீட்டிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி அளந்துகொண்டு போங்கள்.

அடுத்தது நடு ஓட்டை. அதற்குள் உட்காரும் காரின் குமிழ்தான் ஹப். நாலு ஓட்டை டொயோட்டாவுக்கு அது 54.1 மில்லிமீற்றர், ஹொண்டா ஃபிட்டுக்கு 56.1, வெசலுக்கு 64.1. வெளிக் கம்பனி ரிம்களில் நடு ஓட்டை பெரும்பாலும் 67 அல்லது 73 இருக்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் வேண்டும். அது இல்லாமல் பூட்டினால் வீல் பலன்ஸ் எத்தனை தரம் செய்தாலும் ஸ்டியரிங் நடுங்கும். பழி எலைன்மன்ட் கடைக்காரர் மேல் விழும்.

நட்டிலும் ஒரு சிக்கல். டொயோட்டா, ஹொண்டாவுக்கு 12 இற்கு 1.5 புரி, சுசுகி, நிசான், சுபாருவுக்கு 12 இற்கு 1.25. மாறிப் பிடித்தால் இரண்டு சுற்று ஏறி இறுகும். பலவந்தப்படுத்தினால் நட்டு ஏறும் ஸ்டட் போகும். ஹொண்டாவின் சொந்த நட்டுக்கு அடிப்பாகம் உருண்டை, வெளி ரிம்களுக்கு 60 பாகைக் கூம்பு. பழைய ஹொண்டா நட்டைப் புது ரிம்மில் போட்டால் ஓரத்தில் மட்டும் ஒட்டி நிற்கும். பிறகு தானாகத் தளரும். ரிம் வாங்கும் அதே கடையில் நட்டும் வாங்கிவிடுங்கள். பாரமும் இல்லை, பெரிய விலையும் இல்லை.

இனி ரிம்மைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எல்லாரும் பார்க்கிறார்கள், கதை பின்பக்கத்தில்தான். உள் விளிம்பு முழுவதும் பெருவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் அமுங்கிய இடம் கைக்குத் தட்டுப்படும். பெயின்ற் நிறம் ஓரிடத்தில் மட்டும் மாறி இருந்தாலோ, ஒட்டு வைத்த தழும்பு மாதிரி மேடு தெரிந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். வெல்டிங் பிடித்த ரிம் நம்முடைய தோட்டத்து றோட்டுக்கு ஆகாது. ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானின் இரண்டு ரிம் தர முத்திரைகளும் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் அது கணக்கில் இல்லை. அட்டையில் கிஸு என்றால் கீறல், அது பரவாயில்லை. யுகாமி என்றால் கோணல். ஜங்க் என்றால் கடைக்காரர் எந்தப் பொறுப்பும் எடுக்கமாட்டார். இந்தச் சொற்களைக் கைப்பேசியின் கமரா மொழிபெயர்ப்பு ஓரளவு பிடித்துக் கொடுக்கிறது. சந்தேகம் இருந்தால் அட்டையைக் காட்டி "யுகாமி?" என்று கேட்டாலே போதும், மறைக்காமல் சொல்கிறார்கள். இந்த நேர்மைக்காகவே அப் கராஜுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

15 அங்குலத்துக்கு ஏறலாமா என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. 155/65ஆர்14 டயரின் மொத்த விட்டம் 557 மில்லிமீற்றர், 165/55ஆர்15இன் விட்டம் 562. வேக மீற்றர் பிழை காட்டாது, மட்கார்டும் உரசாது. ஆனால் டயரின் பக்கச் சுவர் 101இலிருந்து 91 மில்லிமீற்றராகக் குறைகிறது. அந்த ஒரு சென்றிமீற்றர் ரப்பர்தான் லயத்துக்குப் போகும் கல்லுப் பாதையில் ரிம்மைக் காப்பாற்றுவது. நகரத்துக்குள்ளேயே ஓடும் கார் என்றால் 15 போடுங்கள். தோட்டத்துக்குள் ஏறி இறங்கும் கார் என்றால் பாரம் குறைந்த 14 போதும்.

ரிம்மோடு டயரும் சேர்த்து மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுபவர்களுக்கு: அதில் ஒரு பெரிய பங்கு ஸ்டட்லெஸ் எனப்படும் பனிக்கால டயர். நுவரெலியாக் குளிருக்கு நல்லதுதானே என்று ஒரு வாதம் உண்டு. தவறு. அந்த ரப்பர் உறைபனிக்கும் ஐஸுக்கும் செய்தது. நம்மிடம் இருப்பது மழையில் நனைந்த தார். நனைந்த தாரில் அதன் பிடி சாதாரண டயரை விடக் குறைவு. கினிகத்தேனை தாண்டிக் கீழே இறங்கினால் வெயிலில் அழிறப்பர் மாதிரித் தேயும். சாதாரண டயராக இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். எப்படியும் டயரை விமானத்தில் கொண்டுவருவது நட்டக் கணக்கு. ரிம்மை மட்டும் எடுங்கள்.

இப்போது ஓட்டோபெக்ஸ். புதுச் சாமான், பெரிய கடை, பளிச்சென்ற வெளிச்சம். ரோக்கியோவின் ஷினோனொமே கிளை 2018இல் ஏ பிட் என்ற பெயரில் புத்தகக் கடையும் கோப்பிக் கடையும் சேர்ந்த கடையாக மாறியது; ரின்காய் பாதையில் ஷினோனொமே நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ரிம் விலையைப் பார்த்தால் வாய் பிளக்கும், அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. இங்கே வாங்க வேண்டியது பிரேக் பேட்டும் ஃபொக் லைட் பல்பும்.

பிரேக் பேட் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஜப்பான் பயணத்தில் மலையகத்துக் காருக்கு வாங்கக்கூடிய ஆகப் பெறுமதியான சாமான் இதுதான். ஒரு செட் பெட்டி உடுப்புக்கு நடுவே அடங்கிவிடும். டிக்செல், என்ட்லெஸ், ப்ராஜெக்ட் மியூ மூன்றுமே நம்பக்கூடிய பெயர்கள். கவுன்டரில் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். மொடல் கோடைக் காட்டுங்கள்: என்கேஈ165, என்எச்பி10, ஜீபி5, எம்எச்34எஸ் மாதிரி. அதோடு தயாரித்த வருடமும் மாதமும் வேண்டும். ஒரே மொடலிலும் தரத்துக்குத் தரம் கலிப்பர், அதாவது பேட்டைப் பிடித்திருக்கும் பாகம், மாறும். பழைய பேட்டை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டு போனால் பிழைக்கவே பிழைக்காது.

பெட்டியில் வெப்ப எல்லை போட்டிருப்பார்கள். மேல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், கீழ் எண்ணைப் பாருங்கள். அது பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். பந்தயப் பேட் சூடேறாமல் பிடிக்காது. நானுஓயாவில் காலை ஆறு மணிக்கு முதல் வளைவில் மிதிக்கும்போது அந்தப் பேட் கல்லாக இருக்கும். பாவித்த பேட் அப் கராஜில் கண்ணில் பட்டாலும் தொட வேண்டாம். உங்கள் டிஸ்க்கோடு அது ஒட்டி உட்காராது.

பூட்டிய பின் பழக்க வேண்டும். தட்டையான, ஆளில்லாத றோட்டில் 60இலிருந்து 15 வரை எட்டுப் பத்துத் தடவை, முழுதாக நிறுத்தாமல், நடுத்தர அழுத்தத்தில். பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிறுத்தி வைத்தால் பேட்டின் அச்சு டிஸ்க்கில் படிந்து, பிறகு உதறும். டொயோட்டா ஹைபிரிட்டில் பேட் மாற்றும் கராஜ்காரருக்கு ஒரு வார்த்தை: கதவைத் திறந்தாலே பிரேக் அமுக்கம் ஏறக்கூடிய அமைப்பு அது. 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்தே கலிப்பரில் கை வைக்க வேண்டும். விரல் முக்கியம்.

ஹைபிரிட் காருக்குப் பேட் தேயாதே என்பார்கள். சமதரையில் உண்மை. நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே பற்றரி நிரம்பிவிடும். அதற்கு மேல் அது சக்தியை வாங்காது. பி கியருக்கு மாற்றாமல் காலை மட்டும் நம்பினால் மிச்சப் பாரம் முழுவதும் பேட்டின் தலையில்.

பிரேக் ஒயிலை அங்கே வாங்க வேண்டாம். விமானத்தில் மறுக்கப்படலாம், இங்கேயே கிடைக்கிறது. டொட் 3 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் சேர்ந்தபின் 140இல். டொட் 4க்கு 230, 155. ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றாமல் நல்ல பேட் மட்டும் போட்டுப் பயனில்லை.

ஃபொக் லைட்டுக்கு மஞ்சள் பல்ப், 2500கே சுற்றி, பியா அல்லது ஐபிஎஃப். ஹப்புத்தளை மூட்டத்தில் வெள்ளை வெளிச்சம் முகத்துக்கே திரும்பி வரும். மஞ்சள் கண்ணுக்கு இதம். உங்கள் காருக்கு எச்8, எச்11, எச்16, எச்பி4 இதில் எது என்று பழைய பல்பின் அடியில் எழுதியிருக்கும். முழு ஹெட்லைட் வாங்குவதானாலும் ஜப்பான் நமக்குப் பொருந்தும். அங்கேயும் இடப்பக்க ஓட்டம், வெளிச்சத்தின் வெட்டு சரியாக விழும். டுபாயிலிருந்து கொண்டுவரும் லைட் எதிரே வருபவரின் கண்ணைக் குத்துவது அங்கே வலப்பக்க ஓட்டம் என்பதால்தான்.

ரேடியேற்றர் மூடி வாங்கச் சொல்பவர்களும் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். சாதாரண 1.1 மூடி (எண், மூடி தாங்கும் அழுத்தம், சதுர சென்றிமீற்றருக்கு இத்தனை கிலோ) இருந்தால் அது 118 அளவுக்கு ஏறும். 1.3 மூடி போட்டால் 121. மூன்று பாகைக்காகப் பத்து வருடப் பழைய ஹோஸ்களுக்கு அழுத்தம் கூட்ட வேண்டாம். அதே 1.1இல் புது மூடி போடுங்கள்.

பாவித்த ஓடியோ செற் அப் கராஜில் குவிந்து கிடக்கும், ஆசை காட்டும். ஜப்பான் எஃப்எம் 76இலிருந்து 95 வரைதான். அதற்கு மேலே உள்ள நம் நிலையங்களில் பெரும்பாலானவை விழாது. மெனு முழுக்க ஜப்பான் மொழி. சிலது பற்றரி கழன்றதும் இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். சைலன்சர் எதற்கு? 2025இலிருந்து பொலிஸார் மாற்றம் செய்த வாகனங்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். தாழ்த்தும் ஸ்பிரிங் பற்றிப் பேசவே வேண்டாம், தோட்டத்து வடிகாலைக் கடக்கும்போது தெரியும்.

பொதி கட்டுவது. 14 அங்குல ரிம்மின் வெளி விட்டம் கிட்டத்தட்ட 39 சென்றிமீற்றர். இரண்டை முகத்தோடு முகம் வைத்து நடுவில் துவாய் மடித்து, 40க்கு 40க்கு 30 பெட்டியில் போட்டால் மூன்று பக்கக் கூட்டல் 110. விமானப் பொதிக்கு வழக்கமான 158 சென்றிமீற்றர் எல்லைக்குள் தாராளமாக அடங்கும். வாயு நிரப்பிய ஷொக் அப்சோபரும் எயார் பேக் உள்ள ஸ்டியரிங்கும் ஆபத்தான பொருள் பட்டியலில் வருபவை. பெட்டியில் வைக்க வேண்டாம்.

ஜப்பானின் 10 வீத விற்பனை வரியில் விலக்குப் பெற, வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் ஒரே கடையில் வாங்க வேண்டும், கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். எல்லாக் கிளையிலும் இல்லை. வாசலில் குறி இருக்கிறதா பாருங்கள். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: முழு விலையும் கட்டிவிட்டு, விமான நிலையத்தில் சுங்கம் பார்த்த பிறகே வரி திரும்பும். அப்போது சாமான் பெட்டிக்குள் இருக்க, பெட்டி விமானத்துக்குப் போயிருந்தால் காட்ட முடியாது. பில்களை எறிய வேண்டாம், கட்டுநாயக்கவில் கேட்டால் அவைதான் பேசும்.

வீட்டுக்கு வந்து பூட்டும்போது நட்டை இறுக்கும் அளவு டொயோட்டாவுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, வகன் ஆருக்கு 85. குறுக்கு வாட்டில் இரண்டு சுற்றாக இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தடவை டோர்க் ரெஞ்ச் வையுங்கள். ஹட்டனிலிருந்து நுவரெலியா போய் வந்தால் அந்தக் கணக்குக் கிட்டத்தட்ட சரியாகிவிடும்.