ஹிட் வீடியோவைக் கண்டுபிடித்துத் தரும் கருவியா? காசு கட்டும் முன் இதைப் படியுங்கள்

யூடியூப் சேனல் நடத்துபவர்களுக்கும் புதிதாக ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கும் இது. "எந்தச் சேனல் பெயரையும் போடுங்கள், அதில் சக்கைப்போடு போட்ட வீடியோக்களைப் பிரித்துத் தருகிறோம்" என்று ஒரு மென்பொருளின் விளம்பரம் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. பெயர் சொல்லப் போவதில்லை. இதே ரகத்தில் நாலைந்து சுற்றுகின்றன, எது உங்கள் கண்ணில் பட்டாலும் கீழே இருப்பதைப் பொருத்திப் பாருங்கள்.

என் மச்சான் தேனியில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அவருடைய ரிப்பேர் வீடியோக்களுக்கு எடிட்டிங் நான். மற்ற மெக்கானிக் சேனல்களில் எது ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்து எதைப் படம் பிடிக்கலாம் என்று முடிவு செய்யலாமே, அதற்காகத்தான் வாங்கினோம்.

விலைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "மாதம் 499 ரூபாய், முதல் வாரம் 1 ரூபாய்". யூபிஐ ஆட்டோபே (ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் தானாகவே பணம் பிடிக்கும் வசதி) மூலம் 1 ரூபாய் போனது. வாரம் முடிந்ததும் 5,988 ரூபாயை ஒரே அடியாக எடுத்துவிட்டார்கள். அது ஆண்டுச் சந்தாவாம், மாதக் கணக்கில் பிரித்துக் காட்டினார்களாம். ஆட்டோபேக்கு ஒப்புதல் கேட்ட திரையில் "அதிகபட்சம் 15,000" என்றுதான் இருந்தது, உண்மையான தொகை இல்லை. பொதுவாக அந்த 15,000 வரைக்கும் அடுத்தடுத்த பிடித்தங்களுக்குப் பின் நம்பர் கேட்காது. 24 மணி நேரத்துக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது விதி. வந்தது. ஆனால் அதில் மென்பொருளின் பெயருக்குப் பதில் கேள்வியேபடாத ஏதோ ஒரு கம்பெனிப் பெயர்.

சரி, பொருளாவது உருப்படியா என்றால், அதுதான் பெரிய கொடுமை.

மற்றவர்கள் சேனலின் சிடிஆர், அதாவது தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்பதைக்கூடக் காட்டுவோம் என்கிறார்கள். சிடிஆர், எவ்வளவு நேரம் பார்த்தார்கள், வருமானம் இதெல்லாம் சேனல் வைத்திருப்பவரின் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் மட்டும் தெரியும் விவரங்கள். வெளியாளுக்கு யூடியூப் தருவதே இல்லை. சந்தேகம் வந்து, வேறு ஒரு கணக்கிலிருந்து மச்சான் சேனலையே அதில் போட்டுப் பார்த்தேன். கார்புரேட்டர் கிளீனிங் வீடியோவுக்கு 11.4 சதவீதம் என்று பச்சை நிறத்தில் காட்டியது. ஸ்டூடியோவைத் திறந்தால் 3.8. பக்கத்தை மறுபடி திறந்தபோது 9.7 ஆகிவிட்டது. எங்கிருந்து வருகிறது இந்த எண் என்று கேட்டதற்கு "எங்கள் ஏஐ கணிப்பு" என்று பதில். கணிப்பு என்ற சொல் அந்தத் திரையில் எங்குமே இல்லை.

அடுத்து, "சிறந்த வீடியோ" பட்டியல். மச்சான் சேனலில் முதலிடம் எதற்குத் தெரியுமா? பக்கத்து வீட்டு ஆடு ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்ற ஷார்ட்ஸுக்கு. "இதே பாணியில் மாதம் எட்டு வீடியோ போடுங்கள்" என்று ஆலோசனை வேறு. "மாப்ள, ஆட்டுகிட்ட யாரு கால்ஷீட் வாங்குறது?" என்றார் மச்சான்.

2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று யூடியூப் எண்ணுகிறது, இத்தனை விநாடி பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இல்லை. அதையும் பத்து நிமிட வீடியோவையும் ஒரே தட்டில் வைத்துச் சராசரி எடுத்தால், ஒரு ஆடு மொத்தச் சராசரியையும் தூக்கிவிடுகிறது. மற்ற எல்லா வீடியோக்களும் சிவப்பில் "தோல்வி". நிஜமாகவே சந்தாதாரர்களைக் கொண்டுவந்த வீடியோவும் அதில் அடக்கம். போதாததற்கு, மூன்று வருடப் பழைய வீடியோவையும் போன வாரம் போட்டதையும் வயது பார்க்காமல் மொத்த வியூவை வைத்தே வரிசைப்படுத்துகிறது.

முக்கியமான எச்சரிக்கை இனிமேல்தான். உள்ளே நுழைய கூகுள் கணக்கை இணைக்கச் சொல்கிறது. அனுமதித் திரையை நிதானமாகப் படித்தால், உங்கள் வீடியோக்களைப் பார்க்க, திருத்த, நிரந்தரமாக அழிக்க அனுமதி கேட்பது தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய வியூ எண்ணிக்கையைப் படிக்க இதில் எதுவுமே தேவையில்லை. ஏற்கெனவே இணைத்திருந்தால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் வெளிச்செயலிகள் பட்டியலுக்குப் போய் நீக்குங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு நீக்கியாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். அப்புறம் ஜிபே, ஃபோன்பே எதுவாக இருந்தாலும் ஆட்டோபே பகுதியில் ரத்து செய்யுங்கள். செயலியை அழித்தால் பிடித்தம் நிற்காது.

இந்த வேலைக்குக் காசே தேவையில்லை. எந்தச் சேனலிலும் வீடியோக்கள் பகுதியில் "பிரபலமானவை" என்பதைத் தட்டினால் வியூ வரிசையில் வந்துவிடும், ஷார்ட்ஸ் தனிப் பகுதியில் இருப்பதால் கலக்காது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால் கூகுள் ஷீட்டில் சின்ன நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில், யூடியூப்பிலிருந்து விவரங்களை நேரடியாக எடுக்க உதவும் யூடியூப் ஏபிஐயைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பயன்பாட்டை யூனிட்டில் அளக்கிறார்கள், தினமும் 10,000 யூனிட் இலவசம். ஒரு அழைப்பில், அதாவது ஒருமுறை விவரம் கேட்டால், 50 வீடியோ, அதற்குச் செலவு ஒரே யூனிட். 1,000 வீடியோ உள்ள சேனலின் பட்டியலை எடுக்க 20, வியூக்களை எடுக்க 20, மொத்தம் 40 யூனிட் போதும். ஒரு மாதம் தாண்டிய வீடியோக்களை மட்டும் வைத்து, சராசரிக்குப் பதில் நடு எண்ணை (வியூக்களை வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருவது) எடுத்து, அதைப்போல மூன்று மடங்கு தாண்டியவற்றைப் பார்க்கிறேன். அந்த மூன்று மடங்கு என் கணக்கு, உங்கள் சேனலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "கிரெடிட்டைப் பயன்படுத்திவிட்டீர்கள், திருப்பித் தர முடியாது" என்று சாட்பாட் சொல்கிறது. முதல் அறிக்கையைத் திறந்ததே பயன்பாடாம். வங்கியோ நீங்கள் ஒப்புதல் கொடுத்ததுதானே என்கிறது. சந்தா வலை என்பது 2023இல் மத்திய அரசு தடை செய்த ஏமாற்று உத்திகளில் ஒன்று என்று தெரிந்ததும், விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். உங்களில் யாருக்காவது இதே மாதிரி பணம் போய்த் திரும்பி வந்திருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.