384-ஐத் தேடி 370-ஐக் கண்டுகொள்வது

செயற்கைக் கன்னாபினாய்டு (கஞ்சாவைப் போல வேலைசெய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய போதைப்பொருள்) புகைத்து இறந்திருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் உடல் வந்தால், எந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்கும்? கஞ்சாவுக்கான சிறுநீர்ப் பட்டைச் சோதனையை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. அது கஞ்சாவிலுள்ள டிஎச்சி என்ற போதைப் பொருள் உடலில் மாறி உண்டாகும் வளர்சிதைப் பொருளைத் தேடுகிறது. செயற்கைக் கன்னாபினாய்டுகளின் மூலக்கூறு அமைப்பு வேறு. உண்மையான போட்டி, மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் இரண்டு வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்களுக்கு இடையில்தான்: டிரிபிள் குவாட்ரபோல், கியூடாஃப்.

டிரிபிள் குவாட்ரபோல் கருவி, நாம் பெயர் சொல்லிக் கேட்ட பொருளை மட்டும் தேடும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் குறைவாக இருந்தாலும் அளந்துவிடும். ஆனால் பட்டியலில் இல்லாத பொருள் எதிரே நின்றாலும் அதற்குத் தெரியாது. 2008-இல் ஜெர்மனியில் 'ஸ்பைஸ்' பொட்டலங்களில் ஜெடபிள்யூஎச்-018 என்ற செயற்கைக் கன்னாபினாய்டு பிடிபட்ட நாளிலிருந்து, ஒன்றைத் தடைசெய்தால் மூலக்கூறைச் சற்றே மாற்றி அடுத்ததை இறக்குகிறார்கள். நம் பட்டியல் எப்போதும் ஓர் அடி பின்தங்கியே இருக்கும்.

கியூடாஃப் கருவி, மாதிரியில் அயனியாகும் எல்லாவற்றின் நிறையையும் நான்கு தசம இடம் வரை பதிந்துவைக்கும். ஆறு மாதம் கழித்துப் புதுப் பொருளின் பெயர் தெரியவந்தாலும், பழைய பதிவைத் திறந்து தேடலாம். மிகச் சிறிய அளவுகளை அளப்பதில் மட்டும் பொதுவாக டிரிபிள் குவாட்ரபோலே மேல்.

2016 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் 33 பேர் ஒரே நாளில் நிலைகுலைந்தார்கள். புகைத்த இலைத்தூளில் இருந்தது ஏஎம்பி-ஃபுபினாகா என்ற செயற்கைக் கன்னாபினாய்டு. நோயாளிகளின் இரத்தத்தில் சிக்கியதோ அதன் அமில வடிவம். உடலின் எஸ்டரேஸ் நொதிகள் அந்த மூலக்கூறின் மெதில் எஸ்டர் பகுதியை வெட்டிவிடுவதால், கருவியில் 384.1718 என்ற நிறையில் வரவேண்டிய அயனி 370.1561-க்கு இறங்கிவிடுகிறது. 384-ஐ மட்டும் தேடியவர் 'எதுவும் இல்லை' என்று எழுதியிருப்பார். உயிரோடிருந்தவர்களிடமே இப்படியென்றால், குளிர்பெட்டியில் காத்திருக்கும் உடலில் கேட்கவே வேண்டாம். இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: ஏபி-ஃபுபினாகா என்ற இன்னொரு செயற்கைக் கன்னாபினாய்டு சிதைந்தாலும் இதே அமிலம்தான் வரும். ஆகவே இறந்தவரின் சட்டைப்பையில் கிடந்த பொட்டலமும் ஆய்வகத்துக்கு வந்தாக வேண்டும்.

கருவி எதுவானாலும், மாதிரியாக எடுக்க இதயக் குழியின் இரத்தத்தைவிடத் தொடைச் சிரையின் இரத்தம் நம்பகமானது. இதில் விவாதமே இல்லை.

என் தேர்வு: முதலில் கியூடாஃப், பிறகு அளவுக்கு டிரிபிள் குவாட்ரபோல். வசதி ஒன்றுக்குத்தான் என்றால் கியூடாஃப். இந்தப் பொருள்களுக்கு உறுதியான மரண அளவு கிடையாது. பழகியவர் தாங்கும் அளவு புதியவரைக் கொன்றுவிடலாம். பொருளின் பெயர் இருந்து அளவு மட்டும் இல்லாத அறிக்கையோடு மருத்துவர் இதயம், நுரையீரல், சம்பவ இடம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவுக்கு வரலாம். பெயரே இல்லாத அறிக்கையை வைத்துக்கொண்டு, மகன் ஏன் இறந்தான் என்று கேட்கும் தாயிடம் அவர் எதைச் சொல்வார்?