நிக்கல்ஸ்பர்க் சமாதானமா, பிராங்பர்ட் சமாதானமா?

ஜெர்மானிய நாடான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க்கின் ராஜதந்திரத்தைப் பற்றி மாணவர்களிடம் பேச எனக்கு ஒரே ஒரு வகுப்புதான் கிடைத்தது. 1866-இல் ஆஸ்திரியாவோடு செய்த சமாதானமா, 1871-இல் பிரான்ஸோடு செய்ததா என்று இரண்டு நாள் யோசித்து, முதலாவதையே எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

இரண்டு போரிலும் பிரஷ்யா வென்றது. படைபலத்தை ஒப்பிட்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதில்லை. வென்றதைக் கட்டிக்காக்கப் பிற்பாடு எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

1866 ஜூலை 3 அன்று கோனிக்கிரெட்ஸில் ஆஸ்திரியப் படை நிலைகுலைந்தது. மேலே முன்னேற வேண்டும், நிலம் பறிக்க வேண்டும் என்று பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம் பிடிவாதம் பிடித்தார். ஆனால் படையில் காலரா பரவிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனும் சமரசம் என்ற பெயரில் தலையிடத் தொடங்கியிருந்தார். நிக்கல்ஸ்பர்க் கோட்டையில் மன்னரிடம் வாதாடிச் சலித்த பிஸ்மார்க், அறைக்குத் திரும்பிச் சன்னல் வழியே குதித்துவிடலாமா என்றுகூட நினைத்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அப்போது உள்ளே வந்து அவர் தோளில் கை வைத்தவர், அந்தப் போரையே எதிர்த்த பட்டத்து இளவரசர். அவர் போய்ப் பேசிய பிறகுதான் மன்னர் இறங்கிவந்தார். நிக்கல்ஸ்பர்க்கில் பேசி முடித்ததை உறுதிசெய்து ஆகஸ்ட் 23 அன்று கையெழுத்தான பிராக் உடன்படிக்கையில் ஆஸ்திரியா பிரஷ்யாவுக்கு ஒரு பிடி மண்கூடக் கொடுக்கவில்லை. படையோடு நுழையாமல் விட்ட வியன்னாவுக்கு 1879-இல் பிஸ்மார்க் விருந்தினராகப் போனார். அந்த அக்டோபரில் இரு நாடுகளும் கூட்டணி கண்டன.

இதில் எல்லாமே பெருந்தன்மை அல்ல. ஜெர்மானிய அரசுகளான ஹனோவரையும் நசாவையும் பிராங்பர்ட்டையும் அதே ஆண்டில் பிரஷ்யா விழுங்கியது. 1870-இல் பிரஷ்யா பிரான்ஸோடு போரிட்டபோது ஆஸ்திரியா ஒதுங்கி நின்றதற்கு ரஷ்யாவிடம் இருந்த அச்சமும் ஒரு காரணம்.

அந்தப் போரை முடித்த 1871-இன் பிராங்பர்ட் உடன்படிக்கையில் பிரான்ஸிடமிருந்து அல்சாஸும் லொரெய்னின் ஒரு பகுதியும் பறிபோயின. 500 கோடி பிராங்க் அபராதம். அந்தப் பணத்தைப் பிரான்ஸ் 1873-க்குள் கட்டி முடித்துவிட்டது. மண்ணைத்தான் மறக்கவில்லை. பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் அல்சாஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரைக் குறிக்கும் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தி மாலை சாத்தினார்கள். பிரான்ஸுக்குத் துணை சேராமல் தடுப்பதே பிஸ்மார்க்குக்கு ஓயாத வேலையாயிற்று. அவர் 1890-இல் பதவி விலகினார், 1894-இல் ரஷ்யா பிரான்ஸோடு சேர்ந்துவிட்டது.

அல்சாஸைத் தொடாமல் விட்டிருந்தால் பிரான்ஸ் நட்பாகியிருக்குமா? அடித்துச் சொல்ல மாட்டேன். ஓர் அங்குலமும் இழக்காதபோதே, 1866-இல் பிரஷ்யா பெற்ற வெற்றிக்குப் பழிவாங்க வேண்டும் என்று அங்கே குரல் எழுந்தது.