குளோன்ஜில்லா: பாக்க முரடு, வேலை சுத்தம்

லேப்டாப்ல இருந்த 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு மாசமாவே மக்கர் பண்ணிட்டு இருந்துச்சு, ஆன் பண்ணிட்டு குளிச்சிட்டு வந்து பாத்தாலும் அந்த வட்டம் சுத்திட்டே தான் இருக்கும். ஸ்மார்ட் ரிப்போர்ட், அதாவது டிஸ்க் தன் உடம்பு நிலைய தானே குறிச்சு வைக்கிற கணக்கு, எடுத்து பாத்தா ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்தி வச்ச இடம்) 16னு காட்டுது, பெண்டிங் செக்டர் (படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கிற இடம்) நல்லவேளையா 0. அதாவது டிஸ்க் இன்னும் சாகல, ஆனா கணக்கு ஆரம்பிச்சிடுச்சு. 1 டிபி எஸ்எஸ்டி ஒன்னு வாங்கியாச்சு, விண்டோஸ் திரும்ப போட்டு ஒவ்வொரு சாஃப்ட்வேரா ஏத்தி லைசென்ஸ் தேடி பாஸ்வேர்ட் தேடி… அந்த கொடுமைக்கு எனக்கு பொறுமை இல்ல, அப்படியே தூக்கி புதுசுல வச்சிடலாம்னு தான் குளோன், அதாவது டிஸ்க்க அச்சு அசலா நகல் எடுக்குற பக்கம் வந்தேன்.

முதல்ல போனது குளோன்ஜில்லாகிட்ட இல்ல. வேற ஒரு சாஃப்ட்வேர், பேரு வேணாம், இலவசம்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க, நானும் நம்பி இன்ஸ்டால் பண்ணி பழைய டிஸ்க் புது டிஸ்க் எல்லாம் செலக்ட் பண்ணி அழகான அனிமேஷன் எல்லாம் பாத்துட்டு கடைசி பட்டன அமுக்குறேன், அப்ப தான் லைசென்ஸ் கீ கேக்குது. பந்தில உக்கார வச்சு இலைய போட்டுட்டு டோக்கன் எங்கன்னு கேட்ட மாதிரி. ரொம்ப பேர் நம்பிட்டு இருந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டோட இலவச பதிப்பும் 2024 தொடக்கத்தோட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. அதுக்கும் முன்னாடி காலத்து ஆளுங்களுக்கு இந்த வேலைக்கு பேரே 'கோஸ்ட் போடுறது' தான், அந்த நார்ட்டன் கோஸ்ட்டும் 2013லயே நிறுத்தியாச்சு. சரி, ரொம்ப நாளா கேள்விப்பட்டு பயந்து ஒதுக்கி வச்சிருந்த குளோன்ஜில்லாவ எடுத்தேன்.

தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். இது விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர் இல்ல. டெபியன் லினக்ஸ் மேல கட்டுன ஒரு குட்டி சிஸ்டம், தைவான்ல இருக்குற தேசிய உயர்திறன் கணினி மையத்து ஆளுங்க உருவாக்குனது, முழுக்க இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு. மொத்த சிஸ்டமும் ஒரே ஃபைலா இருக்குற ஐஎஸ்ஓவ இறக்கி, ரூஃபஸ் இல்ல எட்சர்னு பென்டிரைவ்ல எழுதுற சாஃப்ட்வேர் வச்சு எழுதி, அதுல இருந்து கம்ப்யூட்டர பூட் பண்ணனும். நம்ம டிஸ்க்ல இருக்குற விண்டோஸ் அப்ப தூங்கிட்டு இருக்கும், அதனால ஃபைல் பாதில மாறுற தொல்லை இல்ல. எனக்கு இதுல பிடிச்ச முதல் விஷயமே இது தான்.

இப்ப அந்த மூஞ்சிய பத்தி சொல்லணும். நீல கலர் பேக்ரவுண்ட், நடுவுல சாம்பல் கலர் டப்பா, மவுஸ் வேலை செய்யாது, ஆரோ கீ, டேப், ஸ்பேஸ், என்ட்டர் அவ்ளோ தான். டிஸ்க் செலக்ட் பண்ற இடத்துல ஸ்பேஸ் தட்டி ஸ்டார் போடணும்னு தெரியாம நான் என்ட்டர் மேல என்ட்டர் அடிச்சிட்டு இருந்தேன். ஆனா ஒன்னு, பயப்படாம படிச்சா ஒவ்வொரு ஸ்க்ரீனும் ஒரே ஒரு கேள்வி தான் கேக்குது. முதல் முக்கியமான கேள்வி டிஸ்க்ல இருந்து இமேஜா, இல்ல டிஸ்க்ல இருந்து டிஸ்க்கான்னு. இங்க தான் நிறைய பேர் குழம்புறாங்க.

டிஸ்க்ல இருந்து டிஸ்க்னா நேரடி குளோன், பழசுல இருக்குறது அப்படியே புதுசுக்கு, கழட்டி மாட்டுனா பூட் ஆகணும். இமேஜ்னா மொத்த டிஸ்க்கையும் சுருக்கி ஒரு ஃபோல்டர்ல ஃபைல்களா அடுக்கி வேற ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்லயோ நெட்வொர்க்ல இருக்குற வேற மெஷின்லயோ வச்சிக்கறது, தேவைப்படறப்ப திரும்ப எந்த டிஸ்க்ல வேணா இறக்கிக்கலாம். நான் முதல்ல இமேஜ் எடுத்துட்டு, அதுல இருந்து புது எஸ்எஸ்டிக்கு இறக்குனேன். நேரம் ரெண்டு மடங்கு ஆகும், தெரியும். ஆனா சாகப்போற டிஸ்க்க ஒரே ஒரு தடவ தான் முழுசா படிக்க வைக்கணும், நடுவுல ஏதாச்சும் சொதப்புனா திரும்ப அதுகிட்ட போய் நிக்க கூடாது, அதான் என் கணக்கு.

வேகம் எப்படின்னு கேட்டா, டிஸ்க் மொத்தம் 500 ஜிபி, அதுல ரொம்பி இருந்தது 187 ஜிபி. உள்ள பார்ட்குளோன்னு ஒன்னு ஓடுது, அது ஃபைல் சிஸ்டத்த படிச்சு எந்த பிளாக்ல டேட்டா இருக்கோ அத மட்டும் தான் காப்பி பண்ணும், காலியா இருக்குறத தொடாது. ஸ்க்ரீன்ல ஒரு பட்டை நகரும், பக்கத்துல நிமிஷத்துக்கு இத்தன ஜிபின்னு காட்டும். முதல்ல 1.9னு காட்டுச்சு, ஒன்னே முக்கால் மணி நேரம் ஆகும்னு சொல்லிச்சு, என்னடா இதுன்னு பாத்தா எக்ஸ்டர்னல் டிஸ்க்க பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல சொருகி இருக்கேன். நிறுத்திட்டு உள்ள நீல கலர் நாக்கு இருக்குற யூஎஸ்பி 3 போர்ட்ல மாத்தி திரும்ப ஆரம்பிச்சேன், 3.9க்கு போயிடுச்சு, முக்கா மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு முடிய. கம்ப்ரஸ் ஆகி இமேஜ் 121 ஜிபில உக்காந்துடுச்சு. அதுக்கப்புறம் இந்த இமேஜ் திரும்ப இறக்குற மாதிரி இருக்கான்னு அதுவே ஒரு தடவ முழுசா சரிபாத்துச்சு, இன்னொரு 20 நிமிஷம். அவசரத்துல அந்த சரிபாக்குற ஸ்டெப்ப ஸ்கிப் பண்ணிடாதீங்க, ஆப்ஷன் கேக்கும், வேணும்னு சொல்லுங்க.

இறக்குறப்ப ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. இந்த டிஸ்க்ல இருக்குற எல்லாம் அழிஞ்சிடும், சரியான்னு கேக்குது, ஒய் அடிச்சேன். உடனே திரும்ப ஒரு தடவ கேக்குறேன்னு சொல்லி மறுபடி அதே கேள்வி. அன்னிக்கு சிரிச்சேன். ரெண்டு வாரம் கழிச்சு தம்பி கம்ப்யூட்டர்ல இதே வேலைய பண்றப்ப தான் அந்த ரெண்டாவது கேள்வியோட அருமை தெரிஞ்சுது. அங்க ரெண்டு டிஸ்க்கும் 1 டிபி, ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒன்னுல அவன் வேலை மொத்தமும் இருக்கு, இன்னொன்னுல பழைய குப்பை. முந்தின நாள் டெஸ்ட் பண்றப்ப வேலை இருந்த டிஸ்க்குக்கு லினக்ஸ் வச்ச பேரு எஸ்டிஏ, இன்னொன்னு எஸ்டிபி, நான் அத மனசுல அப்படியே வச்சிட்டு மளமளன்னு போயிட்டேன். லினக்ஸ்ல அந்த பேரு நிலையானது இல்ல, பூட் ஆகுறப்ப எது முதல்ல கண்ணுல படுதோ அதுக்கு ஏ, அடுத்ததுக்கு பி. முதல் கேள்விக்கு ஒய் அடிச்சாச்சு, ரெண்டாவது கேள்வில விரல் கீ மேல இருக்கு, எதுக்கும் பாப்போம்னு ஸ்க்ரீன்ல காட்டுன சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்த ஃபோன் டார்ச் அடிச்சு டிஸ்க் லேபிள்ல இருக்குறதோட ஒப்பிட்டா மாறி இருக்கு. குப்பைய எடுத்து வேலை மேல கொட்டப் போறேன். வேணாம்னு 'N' கீய அடிச்சிட்டு வெளிய வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன், தம்பிகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல. அதனால குளோன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு டிஸ்க்கோட சீரியல் நம்பரையும் பேப்பர்ல எழுதி வச்சிக்கோங்க, சைஸ நம்பாதீங்க, எஸ்டிஏ எஸ்டிபிய சுத்தமா நம்பாதீங்க.

விண்டோஸ்காரங்க முன்கூட்டியே பண்ண வேண்டியது ரெண்டு இருக்கு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணுங்க, அது ஆன்ல இருந்தா நீங்க ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்துல தான் இருக்கும், பார்ட்டிஷன் (சி டிரைவ் மாதிரி டிஸ்க்ல பிரிச்சு வச்ச பகுதி) சரியா மூடாம கிடக்கும், குளோன்ஜில்லா இத தொட மாட்டேன்னு சொல்லிடும். ரெண்டாவது பிட்லாக்கர், டிஸ்க்ல இருக்குறத பூட்டி வைக்கிற விண்டோஸோட என்கிரிப்ஷன். புது லேப்டாப் நிறையத்துல நமக்கே தெரியாம என்கிரிப்ஷன் ஆன்ல இருக்கு, அப்படி இருந்தா பார்ட்குளோனுக்கு உள்ள எது டேட்டா எது காலின்னு தெரியாது, செக்டர் செக்டரா மொத்தத்தையும் அள்ளும், 100 ஜிபி தான் இருக்கும் ஆனா இமேஜ் டிஸ்க் சைஸுக்கே வரும், அது சுருங்கவும் சுருங்காது. அந்த பூட்ட எடுத்துட்டு (டிகிரிப்ட் பண்ணிட்டு) இமேஜ் எடுங்க, ரெகவரி கீயையும் தனியா எங்கயாச்சும் எழுதி வச்சிக்கோங்க.

சரி, குறை. புது டிஸ்க் பழசு அளவுக்காவது இருக்கணும், இல்லன்னா பெருசா இருக்கணும். இது வெளிப்படையா அவங்களே சொல்லி இருக்குற கட்டுப்பாடு தான், ஆனா நிறைய பேர் இங்க தான் மாட்டுறாங்க, ஏன்னா 500 ஜிபில இருந்து 480 ஜிபிக்கு போறப்ப டேட்டா 100 ஜிபி தானே இருக்குன்னு நினைக்கிறோம், அதுக்கு டேட்டா முக்கியம் இல்ல, எந்த பார்ட்டிஷன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள் அப்படியே உக்காரணும். எக்ஸ்பர்ட் மோட்ல சுத்தி வர வழி இருக்கு, அதுக்கு முன்னாடி பழைய பார்ட்டிஷன சுருக்கணும், முதல் தடவ பண்றவங்களுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

பெரிய டிஸ்க்குக்கு போனா வேற ஒரு கூத்து. எனக்கு 1 டிபில இறக்கி முடிச்சதும் சி டிரைவ் பழைய சைஸ்லயே நிக்குது, மீதி பாதி டிஸ்க் அன்அலகேட்டட், யாருக்கும் ஒதுக்காத காலி இடம். சரி விரிச்சிக்கலாம்னு டிஸ்க் மேனேஜ்மென்ட் போனா எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கி கிடக்கு. காரணம், சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவுல விண்டோஸோட ரெகவரி பார்ட்டிஷன் நந்தி மாதிரி உக்காந்திருக்கு, விண்டோஸுக்கு பக்கத்துலயே ஒட்டி இருக்குற இடத்த தான் எடுத்துக்க தெரியும். பார்ட்டிஷன நகத்துற, விரிக்கிற ஜிபார்ட்டெட்னு ஒரு கருவில பூட் பண்ணி அந்த நந்திய கடைசிக்கு நகத்துன அப்புறம் தான் விரிஞ்சுது. எக்ஸ்பர்ட் மோட்ல கே1னு ஒரு ஆப்ஷன் இருக்கு, பார்ட்டிஷன்கள புது டிஸ்க் சைஸுக்கு விகிதமா போடும், அத முதல்லயே போட்டிருந்தா இந்த சுத்து இல்ல. படிக்காம விட்டது நான் தான்.

இன்னொன்னு, இது மாத்தம் மட்டும் எடுக்குற பேக்கப் கிடையாது. ஒவ்வொரு தடவையும் முழு இமேஜ் தான், நேத்துக்கும் இன்னிக்கும் மாறுன ஃபைல மட்டும் எடுன்னு சொல்ல முடியாது. இமேஜுக்குள்ள இருந்து ஒரே ஒரு ஃபைல மட்டும் உருவணும்னாலும் சுலபம் இல்ல. அதனால நான் இத மூணு மாசத்துக்கு ஒரு தடவ, இல்ல பெரிய அப்டேட்டுக்கு முன்னாடி மட்டும் வச்சிக்கிறேன், டெய்லி மாறுற போட்டோ டாக்குமெண்ட் எல்லாம் தனியா வேற டிஸ்க்குக்கு காப்பி போகுது. குளோன் பண்ணிட்டேன் பேக்கப் ஆச்சுன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு பதறும், பழைய டிஸ்க்க ஃபார்மட் பண்ணி வேற வேலைக்கு எடுத்துட்டா அப்புறம் உங்ககிட்ட இருக்குறது ஒரே ஒரு காப்பி தான், அதுக்கு பேரு இடமாத்தம்.

முதல் பூட் பத்தி மறந்துட்டேன். குளோன் முடிஞ்சதும் பழைய டிஸ்க்க கழட்டிட்டு தான் புதுசுல பூட் பண்ணனும். ரெண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், ரெட்டப்புள்ளைங்க ரெண்டும் ஒரே பேர்ல ஸ்கூலுக்கு வந்த மாதிரி, விண்டோஸ் ஒன்ன ஆஃப்லைன்ல தள்ளிடும், லினக்ஸா இருந்தா எந்த டிஸ்க்க எடுத்து மாட்டிக்கிச்சுன்னே தெரியாம பழசுல வேலை பாத்துட்டு இருப்பீங்க.

மவுஸ் இல்லாம முடியாதுன்னா ரெஸ்க்யூஜில்லா பாருங்க, அதே உள்வேலை, மேல பட்டன் எல்லாம் போட்ட முகம், குளோன்ஜில்லா எடுத்த இமேஜையும் அது படிக்கும். ஆனா டிஸ்க் ஏற்கனவே டிக் டிக்னு சத்தம் போடுது, பெண்டிங் செக்டர் ஏறிட்டே போகுதுன்னா ரெண்டும் வேணாம், அது டிடிரெஸ்க்யூன்னு கெட்டுப்போற டிஸ்க்ல இருந்து டேட்டாவ மீட்குற கருவியோட வேலை, நல்லா இருக்குற இடத்த முதல்ல அள்ளிட்டு கெட்ட இடத்துக்கு கடைசில போகும், எங்க விட்டோம்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதி வச்சிக்கும்.

எனக்கு இப்ப லேப்டாப் 15 செகண்டுல எந்திரிக்குது, டெஸ்க்டாப்ல இருந்த குப்பை ஐகான் வரைக்கும் அதே இடத்துல இருக்கு. பழைய டிஸ்க் மேல ஸ்கெட்ச் பேனால தேதியும் 16 செக்டர்னும் எழுதி டிராயர்ல போட்டிருக்கேன், அந்த 121 ஜிபி இமேஜ வேற ஒரு டிஸ்க்ல இறக்கி பூட் ஆகுறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டு தான் இந்த பழைய டிஸ்க்க தூக்கி போடுறதா இருக்கேன்.