‘மிஸ்ஸ்டேட்’ என்று தேடினால் இந்தச் செயலி என்ன தருகிறது?

அகராதிச் செயலி ஒன்றின் தரத்தை அறிய அரிய சொற்களைத் தேட வேண்டியதில்லை. பொருள் தெரிந்துவிட்டதாக எல்லாரும் நினைக்கும் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தாலே போதும். நான் கைப்பேசியில் பயன்படுத்திவரும் ஆங்கிலம்–தமிழ்ச் செயலியில் ‘மிஸ்ஸ்டேட்’ என்ற வினையைத் தேடியபோது, முதற்பொருளாகப் ‘பொய் சொல்’ என்பதும் அடுத்ததாகத் ‘திரித்துக் கூறு’ என்பதும் வந்தன. பொய்யிலும் திரிப்பிலும் ஏமாற்றும் எண்ணம் அடங்கியிருக்கிறது. இவ்வினையோ, சொல்லப்பட்டது சரியில்லை என்ற அளவில் நின்றுகொள்கிறது. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பதைச் சூழலிலிருந்துதான் அறிய வேண்டும். ‘பிழைபடக் கூறு’ என்றோ ‘தவறாகக் குறிப்பிடு’ என்றோ தந்திருந்தால் குறையே இல்லை.

நுணுக்கம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. நிதி அறிக்கையில் காணப்படும் பிழைக்கூற்று (ஆங்கிலத்தில் ‘மிஸ்ஸ்டேட்மென்ட்’) மோசடியாலும் நேரலாம், தவறுதலாலும் நேரலாம் என்றும், இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதன் பின்னுள்ள செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பதே என்றும் சர்வதேசத் தணிக்கைத் தரம் 240 தெளிவாகச் சொல்கிறது. செயலியை நம்பித் தணிக்கை அறிக்கையை மொழிபெயர்ப்பவர், சரக்கிருப்பில் ஓர் இலக்கம் இடம் மாறிப் பதிவானதைக்கூடப் ‘பொய்யாகக் காட்டப்பட்டது’ என்று எழுதிவிடுவார். கணக்கெழுதியவர் மீது குற்றம் சுமத்தியதாகவே அது படிக்கப்படும்.

எடுத்துக்காட்டுத் தொடர்களைப் பொறுத்தவரை செயலியைப் பாராட்டத்தான் வேண்டும். வயது, வருமானம், சட்டத்தின் நிலை, எதிர்த்தரப்பின் வாதம் என இவ்வினை வழக்கமாக ஏற்கும் செயப்படுபொருள்கள் அனைத்தும் அவற்றில் வந்துவிடுகின்றன. தமிழில் ‘கூறு’ என்பதற்கு முன் ‘என்று’ சேர்த்தே பழகிய நாம், ஆங்கிலத்திலும் இவ்வினைக்குப் பின் ‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியத்தைத் தொடுத்துவிடுகிறோம். அது பொதுவான வழக்கு இல்லை என்பதை இத்தொடர்களைப் படிப்பவர் விதி எதுவும் இல்லாமலே உணர்ந்துகொள்வார்.

தேடல் வசதி சுமார்தான். இச்சொல்லில் ‘எஸ்’ இரட்டித்து வரும். ஒன்றை விட்டுத் தட்டச்சு செய்தால் ‘சொல் இல்லை’ என்று கைவிரிக்கிறது. பலரும் செய்யும் எழுத்துப்பிழைக்குச் சரியான வடிவத்தைப் பரிந்துரைப்பது அகராதிச் செயலியின் அடிப்படைக் கடமை.

ஆங்கிலத் தொடரமைப்பைப் பழக விரும்பும் மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். சட்ட ஆவணங்களையும் கணக்கு அறிக்கைகளையும் மொழிபெயர்ப்பவர்களுக்கு, தமிழ்ப் பொருள்கள் திருத்தப்படும்வரை, இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.