கால் சும்மா இருந்த 41,000 கிலோமீட்டர்

வண்டி எடுத்து இரண்டேகால் வருஷம் ஆகிறது. போன வாரம் மீட்டர் 41,000-ஐத் தாண்டியது. அடாஸ் (முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தை மாற்றி, தேவைப்பட்டால் பிரேக்கும் பிடிக்கிற ஓட்டுநர் உதவி) வேண்டும் என்று தேடி வாங்கவில்லை. ஆட்டோமேட்டிக்கில் மேல் மாடல்தான் கையிருப்பில் இருந்தது, அதோடு இதுவும் சேர்ந்து வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ரேடாரும் கேமராவும் சேர்ந்து இயங்கும் வண்டி எதை வைத்திருந்தாலும் நான் சொல்வதில் பாதியாவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

சேலத்தில் எனக்கு ஜவ்வரிசி வியாபாரம். வாரம் இரண்டு தடவை ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரிகளுக்குப் போக வேண்டும். மாதம் ஒன்றிரண்டு தடவை பெங்களூரு. ஏற்காடு என்றால் ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான்.

பெங்களூரு ரோட்டில் இதன் அருமை தெரியும். குரூஸ் கன்ட்ரோலை 90-ல் செட் பண்ணிவிட்டால் முன்னால் போகும் வண்டி குறைத்தால் குறைக்கிறது, விலகினால் பழைய வேகத்துக்குப் போகிறது. முன்பெல்லாம் ஓசூர் போய்ச் சேரும்போது வலது முழங்கால் மரத்திருக்கும். இப்போது அது இல்லை. அத்திப்பள்ளி நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்! காருக்குள் ஏறினாலே தலை சுற்றுகிறது என்கிற என் மனைவி, குலுங்காமல் போவதால் கிருஷ்ணகிரி வரை தூங்குகிறாள். குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டருக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. அவருடைய வக்கீல் பேசிக்கொண்டே ஓட்டினால் வண்டி குலுங்குமாம். அந்த எரிச்சலில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். 1958-ல் கிறைஸ்லர் கார்களில் வந்தது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவஸ்தைப்பட்டவரின் கண்டுபிடிப்பு என்பது இவள் தூங்குவதைப் பார்க்கும்போது நன்றாகவே விளங்குகிறது.

இடைவெளி விஷயம்தான் நம் ஊருக்கு ஒத்துவராது. 90 வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர். இரண்டு நொடி இடைவெளி வைத்தால் முன்னால் 50 மீட்டர் காலி. நாலு பஸ் நிற்கிற இடத்தை நம் ஆட்கள் விட்டுவைப்பார்களா? ஒருத்தர் நுழைவார், என் வண்டி பிரேக் பிடித்து அவருக்கும் 50 மீட்டர் விடும், அதில் இன்னொருத்தர் நுழைவார். முதல் மாதம் கோபம் வந்தது. இப்போது பகலில் குறைந்த இடைவெளிக்கு ஒரு படி மேல் வைக்கிறேன், மழையிலும் இரவிலும் முழுசாக. நுழைகிறவர் நுழையட்டும், பெங்களூருக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனால் ஜவ்வரிசி ஒன்றும் கெட்டுப்போகாது.

டோல்கேட்டில் கவனம். முன்வண்டியைப் பார்த்து ஊர்ந்து போய் நின்றிருப்போம். மூன்று நொடிக்குள் அது கிளம்பினால் நம் வண்டியும் தானே கிளம்பும். அந்த வண்டி ஃபாஸ்டேக்கில் கடந்து போய்விடும், நடுவில் தடுப்புக் கம்பு இறங்கும், அது இதன் கண்ணில் படாது. நம் வண்டிக்குத் தெரிந்ததெல்லாம் எதிரே ரோடு காலி, செட் பண்ணியது 90 என்பதுதான். ஓமலூரில் ஒருமுறை கம்புக்கு ஒரு முழம் முன்னால் மிதித்து நிறுத்தினேன். அதிலிருந்து டோல்கேட் போர்டு கண்ணில் பட்டதும் ஆஃப்.

இனி ஆத்தூர் ரோடு. போன தை மாதம், இரவு எட்டரை இருக்கும், வாழப்பாடி தாண்டி சேலம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். 80-ல் செட் ஆகியிருந்தது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டில் ஒரு கொத்து வேப்பந்தழை கிடந்தது. பத்தடி தள்ளி இன்னொரு கொத்து. அதைப் பார்த்ததுமே கால் பிரேக்குக்குப் போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்தது, குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் பஞ்சராகி இடது லேனில் நின்றிருக்கிறது. பின்விளக்கு கிடையாது. சக்கரத்துக்கு அடியில் ஒரு கருங்கல். டிரெய்லருக்கு வெளியே மூட்டைகள் ஒரு சாண் பிதுங்கிக் கிடந்தன. அதுவரை டிஸ்பிளேயில் ஒன்றும் காட்டவில்லை. நான் பாதி வேகத்துக்கு வந்த பிறகுதான் சிவப்பாக ஒரு கார் படம் போட்டுக் கத்தியது.

இதில் மெஷினைக் குறை சொல்ல முடியாது. ரேடாரைப் பொறுத்தவரை பாலத்துச் சுவர், ஊர்ப் பெயர்ப் பலகை, நடுத்தடுப்புக் கம்பி எல்லாமே எதிரில் அசையாமல் நிற்பவைதான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஊர் போய்ச் சேராது. அதனால் வேகமாகப் போகும்போது நிற்கிற பொருளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. கேமராவும் இது வண்டிதான் என்று அடையாளம் கண்டால்தான் நம்புகிறது. விளக்கில்லாத கிழங்கு மூட்டையை இருட்டில் கேமரா வண்டி என்று கண்டுபிடிப்பதற்குள் நாம் அதன் மேல் இருப்போம். வேப்பந்தழைக்கு அர்த்தம் நமக்குத்தான் தெரியும்.

ஆனால் அதே வண்டிதான் டவுனுக்குள் என்னைக் காப்பாற்றியது. ஐந்து ரோடு பக்கம், 30 வேகம்கூட இருக்காது. பின்சீட்டிலிருந்து மகள் தண்ணீர் பாட்டில் கேட்டாள், அரை நொடி திரும்பினேன். முன்னால் போன ஷேர் ஆட்டோ கை காட்டியவருக்காக அப்படியே நின்றுவிட்டது. பீப் சத்தமும் பெல்ட் இறுகியதும் ஒன்றாக நடந்தன. நான் மிதிக்காமலே பிரேக் பெடல் கீழே போனதைக் காலால் உணர்ந்தேன். ஆட்டோவில் முட்டவில்லை. பின்னால் வந்த பைக்காரர் என் பம்பரில் முட்டினார். "எதுக்குங்க இப்படி சடன் பிரேக் போடறீங்க?" என்று கேட்டார். நான் போடவில்லை என்று சொல்லவா முடியும்? பம்பர் கீறலை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். யாரும் சொல்லாமல் நானே பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. வீட்டில் அப்பாவின் பழைய கார் இருக்கிறது, 2011 மாடல். என் வண்டி சர்வீஸில் இருந்த ஒரு நாள் அதில் அவரை ஏற்றிக்கொண்டு அயோத்தியாப்பட்டணம் பக்கம் போனேன். முன்னால் போன லாரியில் பிரேக் லைட் எரிந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடுத்த கால் அந்தரத்திலேயே நின்றது. பிரேக்குக்குப் போகவில்லை, போக வேண்டும் என்றும் தோன்றவில்லை. வண்டி பிடிக்கும் என்று உடம்பு காத்திருந்தது. "டேய், பிரேக்கு!" என்று அப்பா போட்ட சத்தத்தில்தான் மிதித்தேன். நின்றபோது லாரியின் பின்பலகையில் எழுதியிருந்த 'ஒலி எழுப்பவும்' கண்ணாடி முழுக்கத் தெரிந்தது. இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இந்தப் பழக்கம் பிடிக்க எட்டு மாதம் போதுமானதாக இருந்திருக்கிறது. அப்பா வீடு வரும்வரை பேசவில்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே அந்தக் காரைத்தான் எடுக்கிறேன்.

கண்ணாடி மாற்றிய கதையும் இருக்கிறது. ஜல்லி தெறித்து முன்கண்ணாடியில் விரிசல். மாற்றிக் கொடுத்த சர்வீஸ் சென்டரில் கேமராவுக்குக் காலிப்ரேஷன், அதாவது அதன் பார்வையைச் சரிபார்த்து அமைப்பது, செய்யவே இல்லை. கொண்டலாம்பட்டி மேம்பாலத்தில் பக்கத்து லேன் லாரிக்கெல்லாம் என் வண்டி பிரேக் போட்டது. திரும்பக் கொண்டுபோய்ச் சண்டை போட்டபிறகு செய்தார்கள், அதற்குத் தனி பில். கண்ணாடி மாற்றினால் காலிப்ரேஷன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

ஏற்காட்டுக்கு இது ஆகாது. இருபது கொண்டை ஊசி வளைவில் ரேடார் மலையைப் பார்க்கிறது, கைப்பிடிச் சுவரைப் பார்க்கிறது, ரோட்டை எங்கே பார்ப்பது? அடிவாரத்திலேயே குரூஸை அணைத்துவிடுவேன். மேலே மூடுபனி வந்தால் கேமரா வேலை செய்யவில்லை என்று அதுவே கையை விரித்துவிடுகிறது. பிரேக் உதவியை மட்டும் அணைப்பதில்லை, இறங்கி வரும் பஸ்ஸைப் பார்த்து வளைவுக்கு வளைவு கத்தினாலும் சரி.

தொப்பூர் மலை இறக்கத்திலும் குரூஸை அணைக்கக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். முதல்முறை தர்மபுரியிலிருந்து திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் என் இரண்டு காலும் தரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க மாப்ள, கால எடுத்துட்டீங்க?" என்றார். வண்டியே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மாமா என்றேன். "எதுல புடிக்குது, கியர்லயா பிரேக்குலயா?" எனக்குப் பதில் தெரியவில்லை. "எறக்கத்துல கியர்ல எறங்கணும்ங்க. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல வுட்டு, பிரேக்க நம்பி எறங்குன வண்டியெல்லாம் இங்கதான் கெடந்துச்சு."

இப்போதும் அவர் கூட வந்தால், தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே ஸ்டியரிங் பக்கம் விரல் நீட்டுவார். "மாப்ள, அத அமுத்திடுங்க." அமுத்திவிட்டு, ஆட்டோமேட்டிக்கை மேனுவலுக்கு மாற்றி மூன்றாவது கியருக்கு இறக்குவேன். எஞ்சின் முனகும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர் சீட்டில் சாய்வார்.