ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள்

பினாங்கில் ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் என் தம்பிக்கு நடந்தது இது. இன்னொரு குடும்பத்துக்கு நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பிக்கு 34 வயது. பிறையில் தொழிற்சாலை வேலை. காலையில் எழுந்ததுமே தலைவலி, கூடவே வாந்தி. கிளினிக்கில் சைனஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். தலைவலி நிற்கவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று 650 வெள்ளி கட்டி சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ‘வயதுக்கேற்ற லேசான மூளைச் சுருக்கம், கட்டி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

முப்பத்து நாலு வயதுக்காரனுக்கு என்ன மூளைச் சுருக்கம்? அன்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்துக் குளியலறையில் மயங்கி விழுந்தான். ஜி.எச்.சுக்கு, அதாவது அரசு மருத்துவமனைக்கு, தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க்கைப் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். மூளையின் நட்டநடுவில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஓர் உருண்டை. அதற்கு இரு பக்கமும் கறுப்பாகப் புடைத்து நின்ற நீர் அறைகள். "அண்ணா, இது கொலாய்டு சிஸ்ட், கூழ் போன்ற பொருள் நிரம்பிய கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் மூன்றாவது வென்ட்ரிக்கிள் என்ற நீர் அறையின் வாசலை அடைத்துக்கொண்டிருக்கிறது" என்றார். மூளையில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர் நீர் சுரக்கிறதாம். வழி அடைந்தால் அது எங்கே போகும்? அழுத்தம் ஏறி, திடீரென்று உயிரே போகலாம்.

அப்புறம் மூளையின் ஓரத்தைக் காட்டினார். சுருக்கமென்றால் அறைகளோடு சேர்ந்து வெளிமடிப்புகளும் அகன்றிருக்குமாம். இவனுக்கு அவை நசுங்கிக் கிடந்தன. ரிப்போர்ட்டின் தலைப்பைப் பார்த்தால், வயது 64 என்று அடித்திருந்தார்கள்!

மண்டையில் சிறு துளை போட்டு, எண்டோஸ்கோப்பி (கேமரா உள்ள மெல்லிய குழாய்) மூலம் அந்தக் கட்டியை எடுத்தார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான்.

ரிப்போர்ட் வாங்கும்போது பெயர், வயது, படத்தைப் பார்த்த கதிரியக்க மருத்துவரின் கையெழுத்து எல்லாவற்றையும் அங்கேயே சரிபாருங்கள். டிஸ்க் இல்லாமல் வெளியே வராதீர்கள். காலைத் தலைவலியும் வாந்தியும் தொடர்ந்தால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் படத்தை இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள்.

மையத்தில் போய்க் கேட்டதற்கு, "டைப்பிங் மிஸ்டேக், எம்.ஆர்.ஐ.க்குத் தள்ளுபடி தருகிறோம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 1998-ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ வசதிகள், சேவைகள் சட்டத்தைக் குறிப்பிட்டுச் சுகாதார அமைச்சுக்குப் புகார் எழுதியிருக்கிறேன். அந்த ரிப்போர்ட்டின் நகலையும் அதோடு இணைத்திருக்கிறேன்.